இறுதிநாள் அச்சமும் விசுவாசப் பகிர்வும்: நிந்தவூர்க் கரையிலிருந்து ஒரு மறுப்பு

உலகம் முடியப்போகின்றது, அதனை அறியாது அயலவன் உறங்குகின்றான், ஆதலால் அவனைத் தட்டியெழுப்பி மனந்திரும்பச் செய்தல் விசுவாசியின் தலையாய கடன். இம்மூன்று வாக்கியங்களுள் அடங்கிவிடும் ஒரு கொள்கை, ஈழத்துக் கிறித்தவ இளைஞருள் ஒரு சாராரிடையே, சிறப்பாகப் பல்கலைக்கழக மாணவரிடையே, கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டு வருகின்றது. போர், பஞ்சம், நிலநடுக்கம், கொள்ளைநோய் என்று செய்தித்தாள் தருவன யாவும் இக்கொள்கைக்குச் சான்றுகளாகிவிடுகின்றன. செய்தித்தாள் நாள்தோறும் வெளிவருவதால் சான்றுக்கும் குறைவில்லை. இவ்வாக்கியங்களுள் முதலாவது மனிதரால் நாட் குறிக்க இயலாதது என்றும், இரண்டாவது பிழையென்றும், மூன்றாவது அவ்விரண்டின்மீது கட்டப்படும்போது அயலவனுக்கு இழைக்கப்படும் அநீதியாகின்றது என்றும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். கிறித்தவத்தை மறுப்பதன்று இது. விசுவாசத்தைப் பிறரோடு பகிர்தலை மறுப்பதுமன்று. அச்சத்தை மூலதனமாகக் கொண்டு நடைபெறும் பகிர்வே ஈண்டு மறுக்கப்படுகின்றது.

வாதங்களை ஆகாயத்தில் நிறுத்தி ஆராய்வதினும் ஓர் ஊரில் நிறுத்தி ஆராய்தல் நன்று. அதற்கு நிந்தவூர் பொருத்தமான களம். கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெரு சாய்ந்தமருதையும் காரைதீவையும் கடந்து இவ்வூரை அடைகின்றது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இரண்டுக்குமிடையே நெருங்கிய குடிமனைகள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். வடக்கே அடுத்துள்ள காரைதீவு இந்துத் தமிழர் செறிந்தது. கல்முனையில் மெதடிஸ்தருக்கும் கத்தோலிக்கருக்கும் ஆலயங்களும் பழைய பாடசாலைகளும் உள்ளன. தெற்கே ஒலுவிலில், 1995 இல் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. மன்னாரிலிருந்தோ மலைநாட்டிலிருந்தோ அங்கு கற்கவரும் ஒரு கிறித்தவ மாணவன், வாழ்வில் முதன்முறையாக முஸ்லிம்களிடையே சிறுபான்மையினனாக வாழ நேர்கின்றது. அவன் தேநீர் அருந்துவது முஸ்லிம் கடையில்; அவனுடைய அறைத்தோழன் முஸ்லிம்; பரீட்சைக் காலத்தில் குறிப்புக்களை இரவல் தருபவனும் முஸ்லிம். ஊரிலிருந்து புறப்படும்போது போதகர் சொல்லியனுப்பிய வார்த்தை அவன் நெஞ்சில் கனக்கின்றது: காலம் குறுகிவிட்டது, இவர்களுக்கு யார் சொல்வார்?

இவ்வினா நேர்மையானது. அதனை எள்ளி நகையாடுதல் எளிது. அவ்வாறு எள்ளுவோருட் பலர் தாம் எதனையும் நம்பாதவராதலின் அவர்தம் எள்ளலுக்கு விலையில்லை. நம்புகின்றவன் தான் நம்புவதைப் பிறனுக்குச் சொல்ல விரும்புவது இயல்பு. வினாவுக்குள் மறைந்திருக்கும் எடுகோள்களே ஆராயப்பட வேண்டியவை.

அயலவன் உறங்குகின்றான் என்பது அவற்றுள் ஒன்று. நிந்தவூரில் இது எவ்வளவுக்கு உண்மை? ஐவேளையும் தொழும் ஒரு முஸ்லிம், கடமையான தொழுகைகளில் மாத்திரம் நாளொன்றுக்கு 17 முறை குர்ஆனின் தோற்றுவாயை ஓதுகின்றார். அத்தோற்றுவாயோ இறைவனைத் தீர்ப்பு நாளின் அதிபதியாகப் போற்றுவது. இறுதி நாளை நம்புதல் ஈமானின் ஆறு அம்சங்களுள் ஒன்று. கஹ்பு அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை மனனஞ் செய்தல் தஜ்ஜாலின் குழப்பத்தினின்றும் காவலாகும் என்பது நபிமொழி வழிவந்த நம்பிக்கை. இவை யாவற்றிலும் மேலாக, மர்யமின் மைந்தராகிய ஈஸா நபி இறுதிக்காலத்தில் மீண்டும் இறங்குவார், தஜ்ஜாலை வெல்வார், நீதியை நிலைநாட்டுவார் என்பதும் முஸ்லிம்களின் பரவலான நம்பிக்கையே. இயேசு திரும்பி வருகின்றார் என்னும் எச்சரிக்கையைச் சுமந்துகொண்டு நிந்தவூர்த் தெருவில் இறங்கும் மாணவனை நோக்கி, ஆம் தம்பி, நாங்களும் அப்படித்தான் படித்திருக்கின்றோம் என்று ஒரு மௌலவி அமைதியாகச் சொல்லிவிடக்கூடும். அதன்பின் அவனது துண்டுப்பிரசுரத்தில் எஞ்சுவது என்ன?

எஞ்சுவது ஒன்றுண்டு, அதுவே உண்மையிற் பெரிது. இரு சாராரும் ஒருவரையே எதிர்பார்க்கின்றனர். அவர் யார் என்பதிலேயே வேறுபடுகின்றனர். சிலுவையில் இறந்து உயிர்த்த இறைமகன் என்கின்றது ஒரு சமயம். சிலுவையில் அறையப்படாது உயர்த்தப்பட்ட இறைதூதர் என்கின்றது மற்றது. ஆண்டுக்கணக்கிற் பேசினும் தீராத வேறுபாடு இது. நட்பும் படிப்பும் பொறுமையும் உடைய இருவர் கடற்கரை மணலில் அமர்ந்து பேசத்தக்கது. கால நெருக்கடியை முதன்மைப்படுத்தும் பிரசாரத்தில் இப்பேச்சுக்கு இடமேயில்லை. பேசுதற்கு நேரமில்லை என்பதே அதன் அடிப்படை வாதமாயிற்றே!

அடுத்து ஆராய வேண்டியது, இறுதிக்காலக் காட்சிகளில் அயலவனுக்கு ஒதுக்கப்படும் வேடம். வெகுசன மட்டத்தில் வழங்கும் கிறித்தவ இறுதிக்கால நூல்களில் முஸ்லிம் நாடுகள் பெரும்பாலும் எதிரிப் படையாகவே தோன்றுகின்றன. யூதரோ ஒரு தீர்க்கதரிசனம் நிறைவேறுதற்குரிய கருவியாகத் தோன்றுகின்றனர். முஸ்லிம்களிடையே வழங்கும் மலிவுப் பிரசுரங்களிலும் இதன் மறுதலைக் காட்சியைக் காணலாம். ஒவ்வொருவருடைய கடைசி அங்கத்திலும் மற்றவர் தோற்பதற்காகவே மேடையேற்றப்படுகின்றார். அமெரிக்கரான ஹால் லிண்ட்சே 1970 இல் வெளியிட்ட நூல் இவ்வகை எழுத்துக்களுள் மிகப் பெரிய விற்பனை கண்டது. இஸ்ரேல் அரசு 1948 இல் தோன்றியதிலிருந்து ஒரு தலைமுறைக்குள், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள், யாவும் நிகழக்கூடும் என்று அது கருதியது. வேதாகமம் கூறும் கோகு என்னும் வடதிசைப் பகைவன் ரஷ்யாவே என்றும் அது விளக்கியது. 1988 வந்து போயிற்று. 1991 இல் சோவியத் ஒன்றியமே இல்லாதொழிந்தது. நூல் மாத்திரம் தொடர்ந்து விற்பனையாயிற்று. மேற்காசியப் போர்களை அடையாளங்களாகப் படிப்போர், அவ்வடையாளங்களின் கீழே மனிதர் வாழ்வதை மறந்துவிடுகின்றனர். 2023 ஒக்டோபரில் இஸ்ரேலியக் குண்டுவீச்சினால் காசா நகரின் பழமையான புனித போர்பிரியஸ் ஆலய வளாகம் தாக்குண்டபோது, அங்கே தஞ்சம் புகுந்து மாண்டவர்கள் பலஸ்தீனக் கிறித்தவர்கள். தம்மைத் தவிர வேறெவரது தீர்க்கதரிசனப் பட்டியலிலும் அவர்களுக்குப் பெயரில்லை.

நாட் குறிக்கும் வழக்கம் பழையது. அதன் தோல்வியும் அத்துணைப் பழையது. நியூயோர்க் மாநிலத்து விவசாயியான வில்லியம் மில்லர் தானியேல் ஆகமத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாக்கிக் கணக்கிட்டார். அவரைப் பின்பற்றியோர் ஈற்றில் 1844 ஒக்டோபர் 22 ஆம் நாளைக் குறித்தனர். அறுவடையை வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தோரும் அவர்களுள் இருந்தனர். மறுநாட் காலை வழக்கம்போல விடிந்தது. ஹரோல்ட் கேம்பிங் என்னும் வானொலிப் போதகர் 2011 மே 21 என்றார். தவறியதும் ஒக்டோபர் 21 என்றார். அதுவும் தவற, 2012 இல் தம் பிழையை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட வகையில் அவர் பலரினும் மேலானவர். கொரோனாத் தொற்றுக் காலத்தில் தடுப்பூசியே 666 என்னும் மிருகத்தின் முத்திரை என்று கைத்தொலைபேசி வழியே பரப்பியோர், இன்றுவரை எவரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டோரும் முத்திரை எதுவுமின்றி உலவுகின்றனர்.

வேதாகமமே இத்தொழிலை அனுமதிக்கவில்லை என்பதை இவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. மத்தேயு நற்செய்தியின் 24 ஆம் அதிகாரம் அடையாளங்களைப் பேசுகின்றது என்பது உண்மை. அதே அதிகாரம், அந்நாளையும் நாழிகையையும் தந்தையன்றி வேறெவரும் அறியார் என்று முடிவுகட்டுகின்றது. குர்ஆனும் அவ்வேளை பற்றிய அறிவு இறைவனிடத்து மாத்திரமே உள்ளது என்கின்றது. ஜிப்ரீல் மறுமை நாள் எப்போது என வினவியபோது, வினவப்பட்டவர் வினவியவரினும் அதிகம் அறிந்தவரல்லர் என்ற கருத்தில் நபிகள் விடையளித்ததாக ஹதீஸ் கூறுகின்றது. இரு சமயத்து மூலங்களும் ஒருமித்து மூடிய கதவை இரு சமயத்துத் துண்டுப்பிரசுரக்காரரும் திறந்துவிட்டதாகக் கூறுகின்றனர்.

இதில் நகைத்துவிட்டுப் போகத்தக்கதல்லாத பகுதியொன்றும் உண்டு. ஹிஜ்ரி 1400 ஆம் ஆண்டு பிறந்த நாளில், அதாவது 1979 நவம்பர் 20 இல், ஜுஹைமான் அல்-உதைபி என்பவர் தம் மைத்துனரை மஹ்தியென அறிவித்து, ஆயுதந் தாங்கிய கூட்டத்துடன் மக்காவின் புனிதப் பள்ளிவாசலைக் கைப்பற்றினார். இரு வாரங்கள் இரத்தம் சிந்திற்று, மஹ்தியெனப்பட்டவரும் மாண்டார். பிற்காலத்தில் ஐ.எஸ். இயக்கம் தன் சஞ்சிகைக்கு டாபிக் எனப் பெயரிட்டது, வட சிரியாவிலுள்ள அச்சிற்றூரில் இறுதிப் பெரும்போர் நிகழும் என்னும் மரபுரை கருதியே. 2016 ஒக்டோபரில் அவ்வூர் அவர்கள் கையினின்றும் நழுவியது. போர் இறுதிப் போராகவில்லை. அவ்வியக்கத்தின் பெயரால் உறுதிமொழி எடுத்த இலங்கையர் சிலர் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, 250 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொன்றனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டோருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர். நிந்தவூரிலிருந்து அவ்வாலயம் பேருந்தில் எட்டிவிடக்கூடிய தொலைவினது. ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26 இரவு, அக்குழுவைச் சார்ந்தோர் நிந்தவூருக்கு வடக்கேயுள்ள சாய்ந்தமருதில் ஒரு வீட்டினுள் தம்மையும் தம் மனைவி மக்களையும் வெடிவைத்து மாய்த்தனர். புதிதாகக் குடிவந்தோர்மீது ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே.

துண்டுப்பிரசுரம் வழங்கும் மாணவனையும் வெடிகுண்டு சுமந்தவனையும் ஒரே தட்டில் வைப்பது கொடுமை. இக்கட்டுரை அதனைச் செய்யவில்லை. முன்னவன் தன் அயலவன் வாழ வேண்டுமென விரும்புகின்றான். பின்னவன் அவன் சாக வேண்டுமென விரும்பினான். எனினும் ஒரு பழக்கம் இருவருக்கும் பொது. கண்முன் நிற்கும் மனிதனைத் தனக்கு முன்னரே தெரிந்துவிட்ட கதையொன்றின் பாத்திரமாகக் காணும் பழக்கம் அது. சாய்ந்தமருதில் தகவல் கொடுத்த மனிதர் எந்தக் கதைக்குள்ளும் அடங்காதவர். முஸ்லிம்களை எதிரிப் படையாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு அவர் புலப்படவே மாட்டார்.

இனி, இக்கரையோரத்தில் இறுதிநாட் பேச்சு எல்லையின்றிப் பெருகிய காலத்துக்கு வருதல் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. இலங்கையில் அப்போது வழங்கிய நேரப்படி காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின் கடல் கிழக்குக் கரையில் ஏறியது. இலங்கையில் 30,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுதியாக உயிரிழந்தது அம்பாறை. அங்கு மாத்திரம் 10,000 க்கு மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் கடலை ஒட்டி நெருக்கமாகக் குடியிருந்த ஏழைகளே பெரும்பாலும் அழிந்தனர். உடல்களை எடுத்து முடியுமுன்பே விளக்கங்கள் வந்து சேர்ந்தன. நத்தார்க் களியாட்டத்தின் தண்டனை என்றார் சிலர். தொழுகையை மறந்தமைக்குத் தண்டனை என்றார் சிலர். கடைசி நாட்களின் வேதனை தொடங்கிவிட்டது என்றார் வேறு சிலர். களுத்துறைக் கரையில் பின்வாங்கிய அலையின் செய்மதிப் படத்தில் இறைவனின் பெயர் அரபு எழுத்தில் தெரிவதாக ஒரு படம் கைமாறித் திரிந்தது. தம் பிள்ளையைத் தேடி மணலைக் கிளறிக்கொண்டிருந்த தாய்மாரிடம் இவ்விளக்கங்கள் கூறப்பட்டன.

இவ்விளக்கங்களை மறுப்பதற்குப் பகுத்தறிவாளரை அழைக்க வேண்டியதில்லை. லூக்கா நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்ட செய்தி பேசப்படுகின்றது. மாண்டவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரினும் பெரிய பாவிகள் என்னும் எண்ணத்தை இயேசு வெளிப்படையாக மறுத்தார். கேட்டு நின்றோரையே தம் வாழ்வைத் திருத்திக்கொள்ளச் சொன்னார். மனந்திரும்புதலை அவர் உயிரோடிருந்தவர்களிடம் கேட்டார். செத்தவர்மீது தீர்ப்பு எழுதவில்லை. நபிகள் நாயகத்தின் குழந்தை இப்ராஹீம் இறந்த நாளிற் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அக்குழந்தையின் இறப்புக்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசியபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணமடைவதில்லை என அவர் திருத்தினார். தன் குழந்தைக்காக வானமே துக்கங்கொண்டாடுகின்றது என்னும் பேச்சை, புதைத்த கை உலருமுன் ஒரு தந்தை மறுத்தார் என்பதை 2004 இல் எத்தனை மேடைகள் நினைவுகூர்ந்தன?

பெரியோரும் இதில் வழுக்கியதுண்டு. 1934 ஜனவரியில் பீகாரைத் தாக்கிய பூகம்பம் தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை எனக் காந்தியடிகள் கூறினார். இரவீந்திரநாத் தாகூர், தீண்டாமையை எதிர்ப்பதில் அவரோடு ஒன்றுபட்டவராயிருந்தும், அவ்விளக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அவ்விளக்கத்தை அனுமதித்தால் எதிரிகளும் அதே தருக்கத்தைக் கொண்டு, பூகம்பம் நிகழ்ந்தது சீர்திருத்தத்தின் பாவத்தால் என்று கூற முடியும் என்பது அவர் அச்சத்தின் சாரம். இலங்கையில் நிகழ்ந்ததும் அதுவே: ஒரே அலைக்கு எத்தனை சமயங்களோ அத்தனை விளக்கங்கள்.

எச்சரிக்கை என்னும் சொல்லைக் கையாளுவோர் ஒன்றைச் சிந்தித்தல் தகும். அந்த ஞாயிறன்று இக்கரைக்கு ஓர் எச்சரிக்கை உண்மையாகவே தேவைப்பட்டது. நிலம் நடுங்கியதை ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் சில நிமிடங்களிலேயே அறிந்திருந்தது. அதனை மீனவக் குடிசைக்குச் சொல்லும் ஒழுங்கு எதுவும் இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் வீணாயிற்று. கடலைவிட்டு விலகி ஓடுங்கள் என்னும் ஒற்றை வாக்கியம் ஆயிரக்கணக்கானோரைக் காத்திருக்கும். அவ்வாக்கியம் வரவில்லை. பின்னர் வந்த வாக்கியங்களோ கணக்கிலடங்கா. அப்பேச்சுக்கள் ஓய்ந்த பின்னும், அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியிற் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு எந்த விகிதத்தில் என்னும் இன வழக்கில் அகப்பட்டு ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தன. இறுதித் தீர்ப்பைப் பற்றி இவ்வளவு பேசிய நாடு இந்தச் சிறு தீர்ப்பை முடித்துக்கொள்ள இயலாது திகைத்தது.

நிவாரணத்தோடு நற்செய்தியையும் சேர்த்து வழங்கிய வெளிநாட்டுக் குழுக்கள் சில அந்நாட்களில் இலங்கைக்கு வந்தன. அவர்களை இந்நாட்டுக் கிறித்தவக் குருமாருள்ளேயே சிலர் கண்டித்தனர். கூடாரமின்றி நிற்பவனிடம் சமயம் பேசுதல், பேசுபவன் எத்துணைத் தூய்மையானவனாயினும், சமமற்ற பேச்சு. கேட்பவன் மறுக்கும் உரிமையை ஏற்கெனவே இழந்து நிற்கின்றான். இதற்கு மருந்து சட்டம் என்போரும் உளர். 2004 இல் ஜாதிக ஹெல உறுமய கொணர்ந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஓகஸ்டில் தீர்மானித்தது. அத்தீர்மானம் நன்று. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை ஒருவர் தாம் விரும்பும் சமயத்தைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் உரிமை தருகின்றது. அதனைப் பொலிசாரின் கையில் ஒப்படைத்தல் ஆகாது. அச்சத்தை விற்பவனைச் சிறையிலடைத்தால் அவன் தியாகியாகிவிடுவான். அவனோடு வாதாட வேண்டியவர்கள் அவனுடைய சொந்தச் சபையாரே.

இனி அம்மாணவனின் மறுமொழி. அதனை அதன் வலிமையோடு எடுத்துரைத்தல் முறை. வீடு எரிகையில் உள்ளே உறங்குபவனை எழுப்பாதிருத்தல் அன்பாகுமா? நற்செய்தி எல்லா இனத்தாருக்கும் அறிவிக்கப்படும், அதன்பின் முடிவு வரும் என்று அதே 24 ஆம் அதிகாரம் கூறவில்லையா? சீடர்களுக்கு இடப்பட்ட இறுதிக் கட்டளையே போய்ச் சொல்லுங்கள் என்பதன்றோ?

தீயைப் பற்றிய உவமை கவர்ச்சியானது. ஆனால் தீயைக் கண்டு ஓடிவருபவன் கையில் வாளித் தண்ணீரும் இருக்கும். எரிவது தன் தெருவென்பதால் அவனும் வியர்ப்பான். வாசலில் நின்று தீயின் தேதியை மட்டும் கூறிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்பவன் வேறொரு வகையினன். எல்லா இனத்தாருக்கும் என்னும் வசனமோ காலப்போக்கில் ஒரு கணக்கேடாக மாறிவிட்டது. எட்டப்படாத மக்கள் என மேலைநாட்டு மிஷன் நிறுவனங்கள் தொகுக்கும் பட்டியல்களில் இலங்கைச் சோனகரும் ஓர் எண்ணாக இடம்பெறுகின்றனர். பட்டியல் நிரம்பினால் முடிவு விரையும் என்று நம்புவோருக்கு நிந்தவூர் நிரப்பப்பட வேண்டிய ஒரு கட்டம். அறைத்தோழன் குறிப்புக்களை இரவல் தந்தது, தான் ஒரு கட்டத்துள் அடையாளமிடப்படுதற்காக அன்று. இதனை அவன் அறிந்தால் என்ன நினைப்பான் என்பதைக் கிறித்தவ மாணவன் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன்னிடம் அத்தோழன் இதே நோக்கத்தோடு பழகியிருப்பின் தான் எவ்வாறு உணர்ந்திருப்பான் என்பதையும்.

கட்டளை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயின் போய்ச் சொல்லுங்கள் என்பதில் அச்சுறுத்துங்கள் என்பது அடங்கவில்லை. பேதுருவின் முதலாம் நிருபம் 3 ஆம் அதிகாரத்தில் இதனினும் நுட்பமான அறிவுரையொன்று உண்டு: நம்பிக்கையின் காரணத்தைக் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் விடைசொல்ல ஆயத்தமாயிருத்தல். அதன்படி முதலில் நிகழ வேண்டியது கேள்வி. கேள்வி எழும்படியாக ஒருவன் அயலில் வாழ்ந்திருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தரான டி.ரி. நைல்ஸ், 1948 இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற் பேரவையில் தொடக்கப் பிரசங்கஞ் செய்தவர், சாட்சி பகர்தலை உணவு கிடைக்கும் இடத்தை ஒரு பிச்சைக்காரன் மற்றொரு பிச்சைக்காரனுக்குக் காட்டுவதற்கு ஒப்பிட்டார். அவ்வுவமையில் இருவரும் பசித்தவர். இருவரும் தரையில் அமர்ந்திருப்பவர். கடிகாரத்தைக் கையிற் பிடித்தவன் எவனும் அதில் இல்லை.

இக்கரையோரத்தின் சொந்த வரலாறும் இங்கு பேசுகின்றது. 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன் மாண்டார். அவர் விட்டுச்சென்றவை பாடசாலைகள். அம்மரபில் எழுந்த கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் காரைதீவுச் சிறுவன் ஒருவன் பயின்றான். அவனே 1924 இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் றமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலானந்தர். ஆன்மாக்களை எண்ணும் கணக்கேட்டில் அவர் ஓர் இழப்பு: மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் முறையே கற்பித்தும் கிறித்தவராகாதவர். அவ்வாசிரியர்கள் செய்தது வீண் என்று கூறத் துணிபவர் எவரேனும் இக்கரையில் உண்டா? நிந்தவூரிலிருந்து காரைதீவுக்கு நடந்தே போய்விடலாம். இறுதிநாட் பிரசுரம் சுமப்போர் அங்கு ஒருமுறை போய்வருதல் பயன் தரும்.

ஓரிடத்தில் மாத்திரம் கிறித்தவரும் முஸ்லிமும் இறுதி நாளைப் பற்றி மெய்யாகவே ஒருங்கு பேசியிருக்கக்கூடிய தருணம் வாய்த்தது. 2020 இல் கொரோனாவால் இறந்தோர் யாவரையும் எரித்தல் வேண்டும் என அரசு விதித்தது. புதைப்பதால் ஆபத்தில்லை என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் அவ்விதி ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. முஸ்லிம்களுக்கு இறந்தவரைக் குளிப்பாட்டித் தொழுது மண்ணில் அடக்குதல் சமூகத்தின்மீதுள்ள கடமை. உடலோடு எழுப்பப்படுதல் அவர்தம் நம்பிக்கை. கிறித்தவரின் விசுவாசப் பிரமாணமும் உடலின் உயிர்ப்பையே அறிக்கையிடுகின்றது. பிறந்து 20 நாட்களான ஒரு முஸ்லிம் சிசு எரிக்கப்பட்டதையடுத்து 2020 டிசம்பரில் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியோருள் பிற சமயத்தாரும் கிறித்தவக் குருமார் சிலரும் இருந்தனர். அதே மாதங்களில் தடுப்பூசியில் மிருகத்தின் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள், அயலவனின் உயிர்த்தெழுதல் பற்றிய அச்சம் தம் வாசலில் நிற்பதைக் கண்டிலர். 2021 மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோரியது. ஓட்டமாவடியின் அந்நிலத்தில் 3,600 க்கு மேற்பட்ட உடல்கள் கிடக்கின்றன. பெரும்பாலானவை முஸ்லிம்களுடையவை, அவற்றினிடையே பௌத்தரும் இந்துக்களும், சில பத்துக் கிறித்தவரும் அதே மண்ணில் வரிசையாக அடக்கப்பட்டுள்ளனர்.